ஜுன்மாயா, ஹொன்ஜோசோவா, டாய்கின்ஜோவா? சாக்கே பாட்டில் வாங்கும் முன்

டோக்கியோவில் ஓரளவு பெரிய மதுக்கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்க சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது, நிற்கும். ஜப்பானில் வேலை பார்க்கிறவர்களும் பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டுதான் "எதை எடுக்க?" என்று செய்தி அனுப்புகிறார்கள். பதில் வர நேரமானால் விலைச் சீட்டைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள்: விலை கூடினது நல்லது.

சாக்கேயில் இந்தக் கணக்கு பாதி நேரம் தப்பாகப் போகும். 5,000 யென் கொடுத்து, அரிசியை நிறையத் தேய்த்துச் செய்த டாய்கின்ஜோ வகையை வாங்கி, அதைச் சுடவைத்து, காரமான கோழி வறுவலோடு குடித்தால் வாங்கிய வாசனையும் போச்சு, காசும் போச்சு. அதே வறுவலுக்கு, வெளி ஆல்கஹால் சேர்க்காத 1,500 யென் ஜுன்மாய் அருமையாகப் பொருந்தும். விலை ஏறுவது பெரும்பாலும் அரிசியை எவ்வளவு பாலிஷ் போட்டார்கள் என்பதற்காக. உங்கள் சாப்பாட்டு மேசைக்கு அது பொருந்துமா என்பது வேறு கணக்கு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக்கே காய்ச்சி வடித்த சாராயம் இல்லை. பீர், ஒயின் மாதிரி நொதிக்க வைத்து எடுப்பது. பாட்டிலில் பெரும்பாலும் 15, 16% ஆல்கஹால் இருக்கும். சின்னக் கிண்ணத்தில் வருவதால் பலர் அதை 'ஷாட்' என்று நினைத்து ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்கிறார்கள். அப்படிக் குடிக்கிற பொருள் இல்லை அது.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகள். எந்தச் சூட்டில் குடிக்கப் போகிறீர்கள்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்பிலா, வெதுவெதுப்பாகவா? கூட என்ன சாப்பாடு? திறந்த பாட்டில் எத்தனை நாளில் காலியாகும்? உங்களுக்கா, யாருக்காவது கொடுக்கவா?

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. விஸ்கியைப் போல அலமாரியில் வருஷக்கணக்கில் வைக்கிற சமாச்சாரம் இல்லை இது. வெயிலும் டியூப்லைட் வெளிச்சமும் பட்டால் ஒரு நாற்றம் வரும். வெப்பத்தில் கிடந்தால் நிறம் மஞ்சளாகி வேறொரு வாடை ஏறும். அதனால்தான் பாட்டில்கள் பழுப்பு, பச்சை நிறத்தில் வருகின்றன. சில ஆலைகள் செய்தித்தாளில் சுற்றியே அனுப்புகின்றன. கடையில் 1.8 லிட்டர் பாட்டில் லாபமாகத் தெரியும். ஏறக்குறைய 40 செ.மீ. உயரம் இருக்கிற அந்தப் பாட்டில் ஒற்றை அறை வீட்டு ஃப்ரிட்ஜில் நிற்காது. படுக்க வைப்பதும் நல்லதல்ல. ஒரு ஆள், வாரம் இரண்டு முறை என்றால் 720 மி.லி.தான் உங்கள் அளவு. இன்னும் சந்தேகமாக இருந்தால் 300 மி.லி. பாட்டில் இருக்கவே இருக்கிறது.

## ஆலைக்குள் நடப்பது

லேபிளில் இருக்கிற வார்த்தைகள் எல்லாம் தயாரிப்பு முறையைச் சொல்பவை. அதனால் ஆலைக்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்தால் கடையில் வேலை சுலபம்.

அரிசி மணியின் வெளிப்பக்கத்தில் புரதமும் கொழுப்பும் அதிகம், நடுவில் மாவுச்சத்து. சாக்கேக்கென்றே விளைவிக்கும் ரகங்களில், குறிப்பாக ஹியோகோ மாநிலத்தின் யமதா நிஷிகியில், மணியின் நடுவே வெள்ளையாக ஒரு மாவுப் பொட்டு தெரியும். வெளிப்பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு அந்தப் பொட்டை நோக்கிப் போவதுதான் பாலிஷ். பாதி மணி மிஞ்சும் அளவுக்குத் தேய்க்க இயந்திரம் இரண்டு நாள்போல ஓட வேண்டும்; அவசரப்பட்டால் மணி உடைந்துவிடும். லேபிளில் "60%" என்று போட்டிருந்தால் அது தேய்ந்து போன அளவு அல்ல, மிஞ்சிய அளவு. எண் குறையக் குறைய விலை ஏறும். தேய்த்தெடுத்த வெள்ளைத் தவிட்டு மாவு வீணாவதில்லை. அரிசி பிஸ்கட் செய்கிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

தேய்த்த அரிசியை ஊறவைத்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். நல்ல ஆலையில் ஊறும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு நிமிஷம் கூடினாலும் அரிசி குடிக்கிற தண்ணீர் மாறிவிடும். வெந்த சோறு மேலே விறைப்பாகவும் உள்ளே மிருதுவாகவும் இருக்க வேண்டும். பொங்கல் மாதிரி குழைந்தால் அன்றைய வேலை கெட்டது.

அடுத்ததுதான் சாக்கேயின் உயிர்: கோஜி. வெந்த அரிசியில் ஒரு பங்கை, தேவதாரு மரப்பலகை அடித்த வெப்ப அறைக்குள் கொண்டுபோய்ப் பரப்பி, அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையின் வித்துப் பொடியை மேலே தூவுகிறார்கள். அறை 30 டிகிரிக்கு மேல். ஆட்கள் பனியனோடு வேலை செய்வார்கள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய இரண்டு நாள், ராத்திரியிலும் எழுந்து வந்து அரிசியைப் பிரித்து, கிளறி, மரத்தட்டுகளை இடம் மாற்றி வைப்பார்கள். பூஞ்சை வளர வளர அரிசி தானே சூடாகி 40 டிகிரியைத் தாண்டும். கடைசியில் ஒவ்வொரு மணியிலும் வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருக்கும், வாயில் போட்டால் இனிக்கும். அரிசி மாவைச் சர்க்கரையாக்கும் நொதி இந்தப் பூஞ்சையிடம்தான் இருக்கிறது. உயர்ந்த கின்ஜோ வகைகளுக்குப் பூஞ்சை மணி முழுக்கப் போர்த்தக் கூடாது. அங்கங்கே ஊன்றி உள்ளே இறங்க வேண்டும். அதைப் பழக்குவதில்தான் ஆலைத் தலைமைத் தொழிலாளியின், அதாவது தோஜியின், கை தெரியும்.

கோஜி, சோறு, தண்ணீர், ஈஸ்ட் நான்கையும் சேர்த்து முதலில் சிறிய அளவில் ஒரு தாய் ஊறல். பிறகு நான்கு நாளில் மூன்று தடவையாக அளவைக் கூட்டிப் பெரிய தொட்டிக்கு மாற்றுகிறார்கள். இரண்டாம் நாள் எதுவும் போடாமல் ஈஸ்ட் பெருகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதன்பின் மூன்று முதல் ஐந்து வாரம் ஊறும். பீரில் முதலில் சர்க்கரை, அப்புறம் ஆல்கஹால் என்று இரண்டு கட்டம். இங்கே கோஜி ஒரு பக்கம் சர்க்கரை ஆக்க ஆக்க, ஈஸ்ட் மறுபக்கம் அதே தொட்டியில் அதைத் தின்றுகொண்டே வரும். காய்ச்சி வடிக்காமலே 20% ஆல்கஹால் வரை எட்டுவது இந்த ஏற்பாட்டால்தான்.

பிறகு பிழிந்து, வடிகட்டி, 65 டிகிரி வாக்கில் சூடேற்றி, சில மாதம் ஓய்வெடுக்க விட்டு, தண்ணீர் சேர்த்து 15, 16 சதவீதத்துக்கு இறக்கி, இன்னொரு முறை சூடேற்றி அடைக்கிறார்கள். தண்ணீர் சேர்க்காமல் விட்டதற்கு கென்ஷு என்று பெயர். 17 முதல் 20% வரை இருக்கும், கவனம். இப்படிச் சூடேற்றிக் காக்கும் வழக்கம் ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, இந்த முறைக்குத் தன் பெயரைத் தந்த பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் பிறப்பதற்கு வெகு முன்பு. 2024 டிசம்பரில் கோஜி வைத்துச் சாக்கே செய்யும் இந்தப் பாரம்பரியத் தொழிலறிவு யுனெஸ்கோவின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது.

## ஜுன்மாய்: சந்தேகம் வந்தால் இதுதான்

அரிசி, கோஜி, தண்ணீர், ஈஸ்ட். வெளியிலிருந்து ஆல்கஹால் கிடையாது. முன்பு 70% வரையாவது தேய்க்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2004இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். எண்ணை லேபிளில் போட்டால் போதும். அதனால் 80% ஜுன்மாயும் உண்டு, 55% ஜுன்மாயும் உண்டு. இரண்டும் ஒரே சுவையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். "தொகுபெட்சு" என்று முன்னால் இருந்தால் 60% அல்லது அதற்குக் கீழே தேய்த்திருப்பார்கள் அல்லது ஏதாவது சிறப்பு முறையைப் பின்பற்றியிருப்பார்கள்.

சோற்று வாசனை, கொஞ்சம் புளிப்பு, நாக்கில் கனம். குளிர்ச்சியிலும் குடிக்கலாம், 40 டிகிரியிலும் குடிக்கலாம். வறுத்த மீன், மிசோ (சோயா விழுது), காளான், ஆட்டுக்கறி எல்லாவற்றோடும் நிற்கும். நம் வீட்டுக் குழம்பு வகைகளுக்குப் பக்கத்தில் தாக்குப்பிடிப்பதும் இதுதான். அதிலும் கிமோட்டோ, யமஹாய் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அந்த முறைகளில் தாய் ஊறலுக்கு லாக்டிக் அமிலத்தைப் புட்டியிலிருந்து ஊற்றுவதில்லை. அது தானாக வரும்வரை விடுகிறார்கள், நேரமும் இரண்டு மடங்கு பிடிக்கும். புளிப்பும் கனமும் கூடுதலாக இருக்கும். ஃபுகுஷிமாவின் டாய்ஷிச்சி ஆலை கிமோட்டோவுக்குப் பேர் போனது, இஷிகாவாவின் தெங்குமாய் என்ற பிராண்ட் யமஹாய்க்கு.

மறைமுகச் செலவு அதிகம் இல்லை. திறந்தபின் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாராளமாக வரும். முதல் கிண்ணத்தில் "என்ன இது, கரடுமுரடாக இருக்கிறதே" என்று சிலருக்குத் தோன்றும். ஒரு முறை சூடேற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சுத்த சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மூலப்பொருளில் மாமிசம் இல்லை. ஆனால் தெளிய வைக்கும்போது ஜெலட்டின் பயன்படுத்தும் ஆலைகள் உண்டு, அது லேபிளில் வராது. கறாராகப் பார்ப்பவர்கள் சைவச் சான்று முத்திரை உள்ள பாட்டிலைத் தேடுங்கள்.

## ஹொன்ஜோசோ: சுடவைத்துக் குடிப்பவருக்கு

70% அல்லது அதற்குக் கீழே தேய்த்த அரிசி, பிழிவதற்குச் சற்று முன் கொஞ்சம் வெளி ஆல்கஹால். இந்த "வெளி ஆல்கஹால்" என்ற வார்த்தையைக் கேட்டதும் கலப்படம் என்று முகம் சுளிக்கிறவர்கள் ஏராளம். அந்தக் கெட்ட பெயருக்குக் காரணம் உண்டு. போர்க்கால, போருக்குப் பிந்தைய அரிசிப் பஞ்சத்தில் ஆல்கஹாலும் சர்க்கரையும் ஊற்றி மூன்று மடங்காகப் பெருக்கிய சரக்கு ஜப்பான் முழுக்க ஓடியது. ஹொன்ஜோசோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே சேர்ப்பது அரிசி எடையில் 10%க்குள்தான் இருக்க வேண்டும். பிறகு தண்ணீர் சேர்த்து இறக்குவதால் கிக்கும் கூடுவதில்லை. வாய் இலேசாக, முடிவு சுருக்கென்று இருக்கும்.

குளிர்கால ராத்திரி, 45 டிகிரி, கூட ஓடேன் (சாற்றில் வேகவைத்த முட்டை, முள்ளங்கி வகையறா) அல்லது டோஃபு: இந்தக் காட்சிக்கு ஹொன்ஜோசோவை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கட்சி. விலையும் குறைவு. நீகாத்தாவின் ஹக்காய்சான் தொகுபெட்சு ஹொன்ஜோசோ மாதிரிப் பாட்டில்கள் ஊரெங்கும் கிடைக்கும். சுத்தமான அரிசிச் சாக்கேதான் வேண்டும் என்பவர்களும், மணம் தேடுகிறவர்களும் இதை விட்டுவிடலாம். பரிசாகக் கொடுத்தால் விஷயம் தெரிந்தவர் மட்டும்தான் சந்தோஷப்படுவார்.

## கின்ஜோ, டாய்கின்ஜோ: பரிசுக்கும் முதல் கிண்ணத்துக்கும்

கின்ஜோவுக்கு 60% அல்லது அதற்குக் கீழே, டாய்கின்ஜோவுக்கு 50% அல்லது அதற்குக் கீழே. ஊறலை 10 டிகிரி வாக்கில் வைத்து மெதுவாக நொதிக்க விடுவதில் வாழைப்பழம், ஆப்பிள், அன்னாசி வாசனை எழும்பும். ஒரு துளி பழம்கூட உள்ளே போகவில்லை. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை.

முன்னால் "ஜுன்மாய்" இருந்தால் வெளி ஆல்கஹால் இல்லை. வெறும் "டாய்கின்ஜோ" என்றால் கொஞ்சம் உண்டு. இரண்டாவதை மட்டம் என்று எண்ண வேண்டாம். மணப்பொருள்கள் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அந்தக் கொஞ்சம் ஆல்கஹால் இல்லாவிட்டால் மணத்தில் ஒரு பங்கு பிழிந்த சக்கையோடு போய்விடும். போட்டிக்கு அனுப்பும் சாக்கேயில் இந்த வகை நெடுங்காலமாகச் செல்வாக்கோடு இருப்பது அதனால்தான்.

யமகுச்சியின் தஸ்ஸாய் 23 என்ற பாட்டிலை விமான நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். 23% மட்டுமே மிஞ்சும்வரை தேய்த்தது என்று அர்த்தம். பழக்கமில்லாதவர்கூட முதல் வாயிலேயே "நன்றாக இருக்கிறது" என்று சொல்வார். பரிசுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் சாப்பாட்டோடு இரண்டாவது, மூன்றாவது கிண்ணம் என்று போகும்போது அந்தப் பழ வாசனை பலருக்குத் திகட்டுகிறது. மென்மையான பச்சை மீன் தவிர மற்றதோடு மல்லுக்கட்டும். சாம்பார், வத்தக்குழம்பு பக்கத்தில் வைத்தால் இருந்த இடமே தெரியாது.

மறைமுகச் செலவு இந்த வகையில்தான் கூடுதல். வாங்கினது முதல் ஃப்ரிட்ஜ் வேண்டும், ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும், சிறு கிண்ணத்தில் மணம் அடைபடும் என்பதால் ஒயின் கிளாஸும் வேண்டும். 10 டிகிரிக்குப் பக்கத்தில் பரிமாறுங்கள். 5 டிகிரிக்கு இறக்கினால் நீங்கள் காசு கொடுத்த மணம் மூடிக்கொள்ளும்.

நடுவே நிற்கிற ஜுன்மாய் கின்ஜோதான் பலருக்குச் சரியான சமரசம். அளவான மணம், அளவான விலை, சாப்பாட்டோடும் ஓரளவு ஒத்துப்போகும்.

## நமா, நிகோரி

நமா என்றால் இரண்டு முறையும் சூடேற்றாமல் பச்சையாக அடைத்தது. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் கடைகளில் கொட்டிக்கிடக்கும். துள்ளலான சுவை. ஆனால் கோஜியின் நொதி பாட்டிலுக்குள்ளும் வேலை செய்துகொண்டே இருக்கும்; வெளியில் வைத்தால் சுவை மாறும், கெட்டும் போகலாம். 5 டிகிரியில் வைத்து, திறந்தால் சில நாளில் முடித்துவிடுங்கள். கூரியரில் வரவழைத்தால் குளிர்பெட்டிக் கட்டணம் தனி. ஊருக்குக் கொண்டுபோக மட்டும் வாங்காதீர்கள். இலையுதிர்காலத்தில் வருகிற ஹியாஓரோஷி ஒரு முறை மட்டும் சூடேற்றி, கோடை முழுக்கத் தொட்டியில் ஓய்வெடுத்தது. துள்ளல் குறைவு, பக்குவம் அதிகம்.

நிகோரி பெரிய கண் துணியில் வடித்து வெண்மையாக விட்டது. பெரும்பாலும் இனிப்பு. மிளகாய்க் காரத்தோடு எனக்குத் தெரிந்து மிக நன்றாகப் போகிற சாக்கே இதுதான்.

## பேப்பர் பாக்கெட்டில் வருவது

மேலே சொன்ன எந்தப் பெயரும் இல்லாத சாதாரண வகை ஃபுட்சூஷூ. ஜப்பானில் குடிக்கிற சாக்கேயில் பாதிக்கு மேல் இதுதான். 1964இல் ஒசெகி நிறுவனம் கொண்டுவந்த, கண்ணாடிக் கோப்பையிலேயே அடைத்த "ஒன் கப்" இந்த வகைக்குத்தான் முகம். ரயிலில் குடிக்க, சமையலுக்கு, சுடவைத்துக் கூட்டமாகக் குடிக்க. அதற்கு மேல் இதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| வகை | மிஞ்சும் அரிசி | வெளி ஆல்கஹால் | பொருந்தும் சூடு | திறந்தபின் | 720 மி.லி. சுமார் விலை (யென்) |
|---|---|---|---|---|---|
| ஜுன்மாய் | வரம்பு இல்லை | இல்லை | 15–45° | 2 வாரம் | 1,400–2,200 |
| ஹொன்ஜோசோ | 70% வரை | கொஞ்சம் | 40–50° | 2 வாரம் | 1,100–1,700 |
| ஜுன்மாய் கின்ஜோ | 60% வரை | இல்லை | 10–15° | 1 வாரம் | 1,700–2,800 |
| டாய்கின்ஜோ | 50% வரை | கொஞ்சம் (ஜுன்மாய் டாய்கின்ஜோவில் இல்லை) | 10° வாக்கில் | 1 வாரம் | 2,500க்கு மேல் |
| நமா | வகையைப் பொறுத்து | வகையைப் பொறுத்து | 5–10° | சில நாள் | 1,700–2,800 |

2024க்குப் பிறகு ஜப்பானில் அரிசி விலை ஏறியதால் விலைகள் முன்னே பின்னே இருக்கும். பின் லேபிளில் +5, -3 என்று ஓர் எண் இருந்தால், கூட்டல் பக்கம் இனிப்பு குறைவு, கழித்தல் பக்கம் இனிப்பு அதிகம். புளிப்பு கூடினால் இந்தக் கணக்கும் மாறும் என்பதால் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

## சுடவைப்பது, ஊற்றுவது

மண் குடுவை, அதாவது தொக்குரி, ஒன்றில் முக்கால் பங்கு ஊற்றுங்கள். தனிப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதி வரும்வரை காய்ச்சி, அடுப்பை அணைத்துவிட்டுக் குடுவையைக் கழுத்து வரை இறக்கி வையுங்கள். இரண்டு, மூன்று நிமிஷத்தில் சாக்கே விரிந்து கழுத்தில் மேலேறும். அடியைத் தொட்டால் இளஞ்சூடு தெரிய வேண்டும். அது 40 டிகிரி, நுருகான். 50 ஆனால் அட்சுகான். தெர்மாமீட்டர் வாங்குவது வீண் செலவில்லை. மைக்ரோவேவிலும் ஆகும், மேலே கொதித்து அடியில் ஆறிக்கிடக்கும் என்பதால் நடுவில் எடுத்து ஒரு சுழற்று சுழற்றுங்கள்.

ஜப்பானியர்களோடு உட்கார்ந்தால் உங்கள் கிண்ணத்தை நீங்களே நிரப்பாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார். பெரியவர் ஊற்றும்போது கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடியுங்கள். மரப்பெட்டிக்குள் கிளாஸை வைத்து வழிய வழிய ஊற்றினால் பதற வேண்டாம், அது கடைக்காரரின் தாராளம். குனிந்து முதல் வாய் உறிஞ்சிவிட்டு கிளாஸைத் தூக்குங்கள். பெட்டியில் வழிந்ததையும் குடிக்கலாம். ஒரு கோ, அதாவது 180 மி.லி. சாக்கே, அரை லிட்டர் பீருக்குச் சமம். கூடவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். அப்புறம், இஸக்காயாவுக்கு (குடியும் சாப்பாடும் கிடைக்கும் கடை) சைக்கிளில் போகாதீர்கள். 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதற்கான சட்டமும் கடுமையாகிவிட்டது.

## ஊருக்குக் கொண்டுபோவதென்றால்

இந்தியாவுக்குள் ஒரு ஆள் 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம். 720 மி.லி. இரண்டு பாட்டில் அதற்குள் அடங்கும். இரண்டு முறை சூடேற்றிய ஜுன்மாய் அல்லது ஜுன்மாய் கின்ஜோவாக எடுங்கள். வாங்கும்போது லேபிளில் நமா என்ற எழுத்து எங்கும் இல்லையே என்று கடைக்காரரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக மாறிப் போகிறவர்கள் நகரக் கடையில் வாங்கிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுவது நிம்மதி. டியூட்டி ஃப்ரீயில் வாங்கினால் சீல் வைத்த பையை வீடு போய்ச் சேரும்வரை பிரிக்கக் கூடாது. பாட்டிலை அட்டைப் பெட்டியோடு துணிகளுக்கு நடுவில் வையுங்கள். சென்னையில் இறங்கிய அன்றே ஃப்ரிட்ஜில் நிறுத்திவிடுங்கள். மே மாதமென்றால் விமான நிலையத்திலிருந்து வரும் காரின் டிக்கியில்கூட வைக்காதீர்கள், ஏசி ஓடுகிற பக்கம் காலடியில் வையுங்கள்.